பழைய கம்பெனியா, புதிய கம்பெனியா? வேலை முறையில் என்ன வித்தியாசம்?

கல்லூரி இறுதியாண்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மகனுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று, ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் உற்பத்தி நிறுவனம். மாதம் 28 ஆயிரம் கைக்கு வரும். இன்னொன்று, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஸ்டார்ட்அப். ஆண்டுக்கு 7 லட்சம் என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். வாப்பா முதலாவதைச் சொல்கிறார். மகன் இரண்டாவதைச் சொல்கிறான். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே பெரும்பாலும் சம்பளத்தையும் பெயரையும் மட்டுமே பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு இடங்களிலும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் சரியாக முடிவெடுக்க முடியும். அதற்கு நாம் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தொழிலிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். அந்தப் பாரத்தை நிறுவனம் எவ்வளவு சுமக்கிறது, ஊழியர் எவ்வளவு சுமக்கிறார் என்பதில்தான் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன.

முடிவெடுக்கும் விதம்

பழைய நிறுவனங்கள் பெரும்பாலும் இயந்திரம், கட்டடம், சரக்கு என்று பெரிய முதலீட்டில் வளர்ந்தவை. ஒரு காரின் பிரேக்கில் தவறு நடந்துவிட்டால் விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்க வேண்டிவரும். அதனால் எதையும் பலமுறை சரிபார்த்த பிறகே செய்வார்கள். மேற்பார்வையாளர், மேலாளர், பொது மேலாளர் என்று படிப்படியாக ஒப்புதல் வாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் சொல்லும் யோசனை மேலே போய்ச் சேரவே மாதங்கள் ஆகலாம்.

புதிய நிறுவனங்கள் பலவற்றுக்கு மென்பொருளே சரக்கு. இன்று காலை ஒரு செயலியில் மாற்றம் செய்து, சரிவரவில்லை என்றால் மாலையில் பழையபடி மாற்றிவிடலாம். தவறின் விலை குறைவு என்பதால் வேகம் அதிகம். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, 'அஜைல்' என்ற வேலை முறைக்கான கொள்கைகளை எழுதினார்கள். ஓராண்டுத் திட்டத்தை மொத்தமாகப் போடாமல், சில வாரங்களுக்கான வேலையை மட்டும் எடுத்து முடித்து, வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போவது அந்த முறை. இன்று இத்தகைய நிறுவனங்களில் தினமும் காலையில் குழுவினர் சில நிமிடங்கள் கூடி, நேற்று செய்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, தடை என்ன என்று பேசிக்கொள்வது இந்த முறையோடு சேர்ந்த பழக்கம்தான். குழுக்களும் சிறியவை. இரண்டு பீட்ஸாவால் பசியாற முடியாத அளவுக்குக் குழு பெரிதாகக் கூடாது என்பது அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் வகுத்த கணக்கு.

வேகம் இல்லாததால் வீழ்ந்த நிறுவனங்களும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கிக் காட்டினார். ஃபிலிம் வியாபாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நிர்வாகம் அதை முழு மனதோடு முன்னெடுக்கவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

அதற்காகப் பழைய நிறுவனம் என்றாலே தொழிலாளியின் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடக் கூடாது. டொயோட்டா தொழிற்சாலைகளில் குறையைக் கண்ட சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆக, நிறுவனத்தின் வயதைவிட அதன் வழக்கமே நமக்கு முக்கியம்.

வேலை நேரம்

தொழிற்சாலையில் ஷிப்ட் தெளிவாக இருக்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும். மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் பத்து நிமிடம் தாமதமானாலும் கணக்கு வைப்பார்கள்.

புதிய நிறுவனங்களில் எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்பது குறைவு. வேலை முடிந்ததா என்றுதான் கேட்பார்கள். சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்து விட்ட வேலையைப் பிறகு முடிக்கலாம். ஷிப்டில் இருப்பவர் இதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு வைக்க வேண்டியிருக்கும். இந்தச் சலுகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவு பத்து மணிக்குக் கூட்டம் நடக்கும். விடுமுறை நாளிலும் கைபேசியில் செய்தி வரும். வேலை நேரம் என்று எல்லை வகுக்காத இடத்தில், அந்த எல்லையை ஊழியர்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்த 22 வயதுப் பிள்ளைக்கு அது எளிதல்ல.

சம்பளக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

இங்குதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. 7 லட்சம் என்பது பெரும்பாலும் 'சி.டி.சி.', அதாவது அந்த ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. அது அப்படியே கைக்கு வராது.

மேலே சொன்ன உதாரணத்தையே பிரித்துப் பார்ப்போம். 7 லட்சத்தில் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை 1 லட்சம், நிறுவனப் பங்குகளின் மதிப்பு என்று போட்டது 60 ஆயிரம், நிறுவனம் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியது 16,800, மருத்துவக் காப்பீடு 8 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கழித்தால் மீதி 4,93,600. மாதக் கணக்கில் சுமார் 41 ஆயிரம். ஊழியரின் பங்கான பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 39 ஆயிரம். 7 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 58 ஆயிரம் என்று கணக்குப் போட்டவருக்கு முதல் மாதமே ஏமாற்றம்தான். 28 ஆயிரத்தைவிட இது கூடுதல் என்பது உண்மை. ஆனால் மற்ற இடத்தில் பேருந்து, கேன்டீன் சாப்பாடு, தீபாவளி போனஸ் எல்லாம் உண்டா என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கிராஜுவிட்டி என்பது வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குப் பணி முடிவில் கிடைக்கும் தொகையைப் போன்றது. சட்டப்படி ஐந்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டுத் தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் ஊழியருக்கு ஓராண்டிலேயே இந்த உரிமையைத் தருகின்றன. இரண்டு ஆண்டுக்கொருமுறை நிறுவனம் மாறும் நிரந்தர ஊழியருக்கு, கடிதத்தில் எழுதிய கிராஜுவிட்டி கைக்கு வராமலே போகலாம்.

பங்கு தருகிறோம் என்றால்?

ஊழியருக்கு நிறுவனப் பங்குகளைத் தருவது புதிய நிறுவனங்களின் முக்கிய வழக்கம். பொதுவாக நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாகும். முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது. உரிமையான பிறகும், குறித்த விலையைக் கொடுத்துத்தான் பங்கை வாங்க வேண்டும். வாங்கும்போது சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழும். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதவரை அந்தப் பங்கை விற்பதும் கடினம்.

சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதனால் இந்தியாவில் 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். அதே பங்கு 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டில் பாதி விலைக்கும் கீழே போனது. பங்கு என்பது கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ள வேண்டியது. வீட்டு வாடகைக்கும் தங்கையின் படிப்புக்கும் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

கற்றலும் உயர்வும்

பழைய நிறுவனத்தில் ஓராண்டு பயிற்சி கொடுத்து, ஒரே வேலையை ஆழமாகக் கற்றுத்தருவார்கள். பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பைப் பார்த்து மெதுவாக வரும். புதிய நிறுவனத்தில் முதல் மாதமே பொறுப்பு கையில் வரும். திறமை காட்டினால் 26 வயதில் குழுத் தலைவராகலாம். ஆனால் உட்கார்ந்து கற்றுத்தர ஆள் இருக்காது. தவறு செய்து தானாகக் கற்க வேண்டும்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. 1996இல் தொடங்கிய ஸோஹோ வெளியார் முதலீடு வாங்காமல் வளர்ந்த மென்பொருள் நிறுவனம். 2005 முதல் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்த மாணவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. முதலீட்டாளருக்குக் காலாண்டுக் கணக்குக் காட்டும் அவசரம் இல்லாததால் அதற்குப் பொறுமை சாத்தியமாகிறது. ஒரு நிறுவனம் யார் பணத்தில் ஓடுகிறது என்பது ஊழியரையும் தொடும் விஷயம்.

வேலை போகும் நாள்

முதலீட்டாளர் பணத்தில் ஓடும் நிறுவனத்தில் பணவரத்து நின்றால் ஆட்குறைப்பு உடனே வரும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, அதாவது சுமார் 13 சதவீத ஊழியர்களை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அதே வேளையில், பழைய நிறுவனம் என்றால் ஓய்வுபெறும் வரை கவலையில்லை என்ற காலமும் போய்விட்டது. 1968இல் தொடங்கிய டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரைக் குறைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது.

செயலி வழி வேலை

புதிய முறையின் கடைசி எல்லை, உணவு விநியோகம், டாக்ஸி போன்ற செயலி வழி வேலைகள். நம் இளைஞர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம். ஆனால் வண்டி, பெட்ரோல், விபத்து, மழை நாள், ஆர்டர் வராத நாள் எல்லாம் ஓட்டுபவரின் பாரம். அவர் நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்படுவதில்லை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020–21இல் இந்தியாவில் இத்தகைய வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029–30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைத் தனிப் பிரிவாக அங்கீகரித்து, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* மாதம் கைக்கு வரும் நிச்சயமான தொகை எவ்வளவு? ஊக்கத்தொகை கடந்த ஆண்டு எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது?
* பி.எஃப். உண்டா? மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் அடங்குவார்களா?
* விலகுவதாக இருந்தால் எத்தனை மாத நோட்டீஸ்? இருபுறமும் ஒரே அளவா? பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் பத்திரம் உண்டா? அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் ஒப்படைக்க வேண்டாம்.
* நிறுவனம் லாபத்தில் ஓடுகிறதா, முதலீட்டில் ஓடுகிறதா? சம்பளம் எப்போதாவது தாமதமானதுண்டா? அங்கே வேலை செய்து விலகியவர் ஒருவரிடம் விசாரிப்பது நல்லது.
* மகளுக்கான வேலை என்றால், இரவு நேர வேலை உண்டா, வாகன வசதி உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்ளகக் குழு சட்டப்படி இருக்க வேண்டும். 26 வார மகப்பேறு விடுப்பும் சட்டப்படியான உரிமை.

பதில்களைக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை பிறகு நிற்காது.

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைக் குடும்பத்தின் நிலையோடு வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவாகும். கடன் இருக்கிறது, வாப்பாவின் வருமானம் நின்றுவிட்டது, மகன் ஒருவனை நம்பியே வீடு ஓடுகிறது என்றால் சம்பளம் தவறாமல் வரும் இடமே இப்போதைக்கு நல்லது. வீட்டில் வேறு வருமானம் உண்டு, ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பும் இருக்கிறது என்றால், 23 வயதில் புதிய நிறுவனத்தில் துணிந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் கிடையாது. எங்கே சேர்ந்தாலும் முதல் மாதத்திலிருந்தே ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கச் சொல்வோம். நிறுவனம் இறக்கிவைக்கும் பாரத்தை ஒருநாள் குடும்பம் சுமக்க நேர்ந்தால் அந்தச் சேமிப்பு கைகொடுக்கும்.