கேள்வி கேட்கும் கணினி – 9: பாதிக்குப் பாதி

வினா வங்கியில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடின எண் உண்டு என்பதுவரை போன வாரம் வந்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். ஜேஇஇ மெயின் தேர்வில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் மதிப்பெண்களை எப்படிச் சமன் செய்கிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் என்கிளெக்ஸ் குறுக்கே வந்துவிட்டது.

என்கிளெக்ஸ் வேறொன்றுமில்லை, அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க உரிமம் தரும் தேர்வு. சென்னையிலேயே மையம் இருப்பதால் நம்மூரில் நர்ஸிங் முடித்த பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. போனைப் பையில் போட்டு மூடிவிடுவார்கள், உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள், கணக்குப் போட்டுப் பார்க்கத் தாளுக்குப் பதில் அழித்தழித்து எழுதும் பலகையும் மார்க்கரும் தருவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தேர்வு முடிகிற விதம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. இடையில் எங்கே நிற்கும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. 86இலும் நிற்கலாம், 131இலும் நிற்கலாம். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருக்கும்போது, தேர்வு முடிந்தது என்று திரை சொல்லிவிடும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. இந்தத் தேர்வில் தேறியவரும் சரி, தேறாதவரும் சரி, பெரும்பாலும் பாதிக் கேள்விகளுக்குத்தான் சரியான பதில் சொல்லியிருப்பார்கள். இருவருக்கும் சரி பாதி, தவறு பாதி. ஆனால் ஒருவர் கையில் உரிமம், மற்றவர் கையில் இன்னொரு விண்ணப்பம்.

35 வாங்கினால் பாஸ் என்று வளர்ந்த நம் மண்டைக்கு இது ஏறாது. எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முதல் கேள்வி கொஞ்சம் எளிதாகவே வரும். இன்சுலின் போட்ட நோயாளியிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுபோல ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னால் கணினி கொஞ்சம் மேலே ஏறும்: வார்டில் ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிடுகிறார்கள், யாரை முதலில் போய்ப் பார்ப்பாய்? இதில் தடுமாறினால் கொஞ்சம் கீழே இறங்கும். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, எழுதுகிற பெண்ணின் திறமை எவ்வளவு என்று புதிதாகக் கணக்குப் போட்டு, அதே அளவு கடினமுள்ள கேள்வியை எடுத்து நீட்டும். மளிகைக் கடைத் தராசில் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்து முள்ளை நடுவில் நிறுத்துவதுபோல. முள் நடுவில் நிற்கிறது என்றால், அந்தக் கேள்விக்கு அவள் சரியாகச் சொல்லவும் வாய்ப்பு பாதி, தவறாகச் சொல்லவும் வாய்ப்பு பாதி. கெட்டிக்காரிக்குப் பெரிய கல், சுமாரானவளுக்குச் சின்னக் கல். முள் மட்டும் இருவருக்கும் நடுவில். எத்தனை சரி என்பதை இங்கே யாரும் எண்ணுவதில்லை, எந்தக் கல்லில் முள் நின்றது என்பதுதான் கணக்கு.

இதற்கு மனிதர்கள் கொடுக்கும் விலையும் இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வந்த பெண்ணும் தேர்வு முழுக்கப் பாதிக்குப் பாதி தவறாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எளிதான கேள்வி வந்து மூச்சு விடலாம் என்றால் வராது, வந்தால் அதுவே வயிற்றைக் கலக்கும். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார் என்று நம் வாத்தியார்கள் காலங்காலமாகச் சொன்னதும் செல்லாது. ஒரு கேள்வியைத் தாண்டவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. இவ்வளவு நியாயமான தேர்வை நான் பார்த்ததில்லை, இவ்வளவு ஈரமில்லாத தேர்வையும்தான்.

முடிவு வரும்வரை பொறுக்க முடியாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்ததும் அதே தேர்வுக்கு மறுபடியும் பதிவு செய்து பார்ப்பார்கள். தளம் பணத்தை வாங்க மறுத்தால் பாஸ், வாங்கிக்கொண்டால் ஃபெயில் என்று ஒரு நம்பிக்கை. கட்டணம் 200 டாலர். ஜோசியருக்குக் கொடுப்பது இதைவிட மலிவு.

கணினி வந்த பிறகு பிறந்த யோசனை இது என்று நினைத்துவிட வேண்டாம். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே தம் சகா சிமோனுடன் சேர்ந்து குழந்தைகளின் அறிவை அளக்க ஒரு சோதனை செய்தார். 1908இல் கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார். குழந்தையின் வயதுக்கு ஏற்ற இடத்தில் தொடங்கி, பதில் வருவதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ போகும் முறை அதிலிருந்து வளர்ந்தது. அடுத்த கேள்வி எது என்று முடிவு செய்யும் கணினி, எதிரே உட்கார்ந்திருந்த ஆளின் தலைக்குள் இருந்தது. என்ன, ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் வேண்டும். லட்சம் பேருக்கு அது நடக்காது. என்கிளெக்ஸும் 1994 ஏப்ரல் வரை காகிதத்தில்தான் நடந்தது, ஆண்டுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நாள்.

அதே 1994இல், அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வு பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அதுவும் இப்படி ஏறி இறங்கும் தேர்வாக மாறிய புதிது. கப்லான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்கள் 20 பேரைத் தேர்வு எழுத அனுப்பி, நினைவில் நின்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தது. கணிசமான கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. நல்ல கேள்வி எதுவோ அதையே கணினி எல்லோருக்கும் எடுத்து நீட்டினால் அப்படித்தான் ஆகும். தேர்வை நடத்திய இடிஎஸ் வழக்குப் போட்டது. இப்போதெல்லாம் இத்தகைய தேர்வுகளில் ஒரே கேள்வி அதிகம் பேர் கண்ணில் படாமல் இருக்கத் தனியாக ஒரு கடிவாளம் போடுகிறார்கள். புதுக் கேள்விகளும் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். என்கிளெக்ஸில் அந்த 85இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே இல்லை. நாளைய கேள்விகளை இன்றைய பிள்ளைகளிடம் ஓட்டிப் பார்த்துக் கடின எண் கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பதினைந்து என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கே நிறுத்துவது என்பது கடைசிக் கணக்கு. திறமையை அளப்பதில் வரும் பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு கேள்வி கேட்க வேண்டும். அதனால் கணினி ஓரளவுக்கு மேல் துல்லியத்துக்கு ஆசைப்படுவதில்லை. இவள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கடையைக் கட்டிவிடும். கோட்டின் மேலேயே நடக்கிறவர்களைத்தான் 150 வரை இழுத்துப் போகும்.

ஆகவே, எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 85இல் நின்றால் பாஸ் என்று பக்கத்து அறை அக்கா சொன்னால் நம்பாதீர்கள். உங்களைப் பற்றிக் கணினிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குப் பொருள். மேலே தீர்ந்ததா, கீழே தீர்ந்ததா என்பது முடிவு வந்தால்தான் தெரியும். ஷிப்ட் விவகாரம் அடுத்த வாரம்.