கல்லூரிப் படிப்பும் சங்கத்தின் கடமையும்

ஆண்டுதோறும் 12-ஆம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் அங்கத்தினர் இல்லங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே குடிபுகுகின்றன. பிள்ளை தேறிவிட்டான் என்பது மகிழ்ச்சி. கல்லூரியில் கட்டப் பணத்துக்கு எங்கே போவது என்பது கவலை.

2019-ஆம் ஆண்டில் ஆய்வின்பொருட்டு ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். நூல் இருப்பையும் கூலிப் பட்டியலையும் சரிபார்க்கையில், மூத்த அங்கத்தினர் ஒருவர் சங்கத்தைவிட்டு விலகிப் பங்குத்தொகையைத் திரும்பக் கேட்டு எழுதிய விண்ணப்பம் கண்ணிற்பட்டது. தொகையோ சொற்பம். காரணம் வினவினோம். “மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், ஐயா. வெளியிலே வட்டிக்கு வாங்கினது பத்தலே” என்றார்.

அப்பெண் கலந்தாய்வின் மூலம் பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றவள். அக்குடும்பத்தில் அதற்குமுன் பட்டம் பெற்றவர் எவருமிலர். அத்தகையோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு முதலே உண்டு. ஆயினும் முதற் பட்டதாரிச் சான்று உரிய நாளுக்குள் சேர்க்கப்படாமையால் அச்சலுகை அவளுக்குக் கிட்டவில்லை. முந்திய ஆண்டிலும் அச்சங்கத்துக்கு நாம் சென்றிருந்தோம். அவர் வீட்டில் படிக்கும் பெண் உண்டா என்று நாமும் கேட்கவில்லை, காரியதரிசியும் சொல்லவில்லை. கணக்கிற் பிழையில்லை என்றெழுதிக் கையொப்பமிட்டு வந்தோம். அந்தக் கையொப்பம் இன்றும் நம் மனத்தை உறுத்துகின்றது.

உதவி இல்லாமற் கெடுவதைவிட, இருக்கும் உதவியை அறியாமலும், தாள்களைக் காலத்தில் சேர்க்காமலும் கெடுவதே மிகுதி என்பது நம் அனுபவம். ஆகவே முக்கியமானவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

அரசினர் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியிற் சேரும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. வேறு உபகாரச் சம்பளம் பெறுவதால் இவ்வுதவி தடைப்படுவதில்லை. அரசினர் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு ஏற்பட்டது.

சாதிப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் ஒட்டிய உபகாரச் சம்பளங்கள் தனியே உள. கைத்தறி நெசவாளர் பிள்ளைகள் ஜவுளித் தொழில்நுட்பக் கல்வி பயில மத்திய அரசினரின் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் வரை உதவிக்கு இடமுண்டு. ஒரு குடும்பத்தில் இரு பிள்ளைகள் வரை பெறலாம். நெசவாளர் அடையாள அட்டை இதற்கு இன்றியமையாதது. விவசாயிகள் பிள்ளைகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கல்வி உதவி வகுக்கப்பட்டுள்ளது.

இவை போதாதாயின் கல்விக்கடன் உண்டு. வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் ரூ. 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு சென்றபின்னரே தவணை தொடங்கும். ஆயினும் அதற்கு முந்திய காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை மறத்தலாகாது. வட்டிச் சலுகை தமக்குண்டா என்று கடன் பெறும்போதே கேட்டறிதல் நன்று. எவ்வாறாயினும் வெளி வட்டிக்கு இது எவ்வளவோ மேல்.

இனிச் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? மாணவர் பதிவேடு ஒன்றை ஏற்படுத்துதல் வேண்டும். 10-ஆம் வகுப்புக்கு மேற் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர், பள்ளி, வகுப்பு ஆகியவற்றை அதில் எழுதுக. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கட்டம் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமையால் அனுப்பிய பணம் திரும்பிப்போனதும் உண்டு. எக்கட்டம் வெறுமையாக உள்ளதென்பதை ஜனவரியிற் பார்த்தால், தேர்வு முடிவு வருமுன் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றினைப் பெற்றுவிடலாம். மே மாதத்திற் பார்த்தால் கூட்டத்திற் சிக்கிக் காலம் கடந்துவிடும்.

விதிகளும் தொகைகளும் மாறுந்தன்மையன. ஆதலால் ஆண்டுதோறும் உரிய அலுவலகங்களில் கேட்டெழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது காரியதரிசியின் வேலையாகுக. லாபம் ஈட்டும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து துணை விதிகளுக்கு உட்பட்டு உதவ இயலுமா என்பதையும் நிர்வாகக் குழு ஆராய்தல் தகும்.

அந்த நெசவாளரின் மகள் படிப்பை முடித்துவிட்டாள். தந்தை மட்டும் அங்கத்தினராகத் திரும்பவில்லை. வட்டி கொடுத்தவரே நூலும் கொடுக்க, அவருக்கே கூலிக்கு நெய்கின்றார். ஒரு சான்றிதழ் தவறியதால் சங்கம் ஒரு தறியை இழந்தது. இப்பொழுது எச்சங்கத்துக்குச் சென்றாலும் ரொக்கப் புத்தகத்தைத் திறக்குமுன் மாணவர் பதிவேட்டைக் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை தங்கள் சங்கத்திலும் கேட்போம்.