காலத்தே முறையிடல்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்துப் பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. மாநகரத்தார்க்குக் குடிநீர் அளிக்கும் நீர்நிலைகளுள் அதுவும் ஒன்று. அது நிறைந்த காலத்தில் நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று நாள்தோறும் கணக்கு எழுதப்படுகின்றது. இத்தகைய ஏரியின் கரையில் ஒரு சிறு கசிவை ஒருவர் கண்டார் என்று வைத்துக்கொள்வோம். ‘கரையை நானே உடைத்ததாகச் சொல்லிவிடுவார்களோ’ என்று அஞ்சி அவர் வாய் மூடி இருப்பாராயின் என்ன ஆகும்? ஒரு கூடை மண்ணால் அடைக்கத்தக்க துளை விடிவதற்குள் உடைப்பாகிவிடும்.

இணையத்தின் வாயிலாகத் தீங்கு உற்றவர் பலர் இவ்வாறே வாய் மூடி இருக்கின்றனர். ஒருவருடைய பெயரில் மற்றொருவர் பொய்க் கணக்குத் தொடங்குகின்றார். ஒரு பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் படம் பரப்புகின்றார். வங்கி அலுவலர் போலப் பேசிக் கடவுச்சொல்லைக் கவர்கின்றார். காவல் அதிகாரி போலத் திரையில் தோன்றி, ‘உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்’ என்று மிரட்டுகின்றார். (அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை.) தீங்கு செய்தவன் மறைந்திருக்க, தீங்கு உற்றவர் நாணித் தலை குனிவது எவ்வளவு முறைகேடு! அந்த நாணத்தையே குற்றவாளி தனக்கு அரணாகக் கொள்கின்றான்.

சென்னையில் 2004ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே விரிவாகக் காண்போம். மணமுறிவு பெற்ற பெண்மணி ஒருவரைப் பற்றி இழிவான செய்திகள் யாகூ இணையக் குழுவொன்றில் வெளிவந்தன. அவர் பெயராலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. செய்திகளைப் படித்தவர்கள் அவரைத் தகாதவராகக் கருதித் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தந்தனர். அவர் அஞ்சி ஒடுங்கினாரல்லர். அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் காவல்துறையிடம் முறையிட்டார். சென்னை இணையக் குற்றப் பிரிவினர் செய்திகள் வந்த வழியைத் தேடிச் சென்று, மும்பையில் ஒருவனைப் பிடித்தனர். அவன் யாரோ அயலான் அல்லன். அந்தக் குடும்பத்திற்கு அறிமுகமானவன். அவரை மணக்க விரும்பி ஏமாற்றமுற்றவன்.

வழக்கு எழும்பூர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. எதிர்த்தரப்பினர் இரண்டு வாதங்களை எழுப்பினர். அச்செய்திகளை முன்னாள் கணவரோ அப்பெண்மணியோதாம் எழுதியிருத்தல் கூடும் என்பது ஒன்று; கணிப்பொறியிலிருந்து எடுத்த தாள்கள் சான்றாகா என்பது மற்றொன்று. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. இணையத்தில் இருந்த செய்தியைச் சட்டம் கூறும் முறைப்படி ஒரு வல்லுநர் சான்றளித்து வழங்கியிருந்தார். அவன் அமர்ந்து செய்தி அனுப்பிய இணைய மையங்களின் உரிமையாளர்களும் சாட்சி கூறினர். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அவன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 67ஆம் பிரிவின்கீழ் ஈராண்டுக் கடுங்காவலும் 4,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. அப்பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை இதுவே என்பர். கைப்பேசி எல்லோர் கையிலும் புகாத காலத்தில், ஒரு பெண்மணியின் முறையீடு ஓராண்டு முடிவதற்குள் தீர்ப்பைப் பெற்றது.

எல்லா முறையீடுகளும் இவ்வாறு முடிந்தன என்று சொல்வது உண்மையாகாது. சேலம் மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு இளம்பெண் ஒருத்தியின் முகத்தை ஒட்டிய பொய்ப்படம் முகநூலில் வெளியிடப்பட்டது. குடும்பத்தார் காவல்துறையிடம் சென்றனர். ஆயினும் நடவடிக்கை விரைந்து வரவில்லை. அதற்குள் அப்பெண்ணை நாம் இழந்துவிட்டோம். தாமதத்திற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். கேட்க வேண்டியவர்கள் காலத்தே செவிசாய்க்க வேண்டும் என்பதை இதனினும் கொடிதாக எந்த நிகழ்ச்சி உணர்த்த இயலும்?

இன்று முறையிடும் வழிகள் பல உள்ளன. பணம் பறிபோயிற்று எனின், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்கி இராது. ஒரு மதகிலிருந்து அடுத்த கால்வாய்க்குப் பாய்வது போல ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி விரைவில் எட்டினால், பணம் நிற்கும் கணக்கை வங்கியைக் கொண்டு முடக்க இயலும். தொகை, நாள், நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுதல் நன்று. பிற குற்றங்களையும் தெரிவிப்பதற்கென 2019ஆம் ஆண்டு நடுவண் அரசு தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தைத் தொடங்கியது. அங்கே முறையீட்டைப் பதிந்தவுடன் ஓர் எண் தரப்படும். அதனைக் குறித்து வைத்தல் வேண்டும்.

காவல் நிலையத்திற்கு நேரில் செல்வோர், ‘இது எங்கள் எல்லை அன்று’ என்னும் விடைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அருகிலுள்ள பூந்தமல்லியோ திருவள்ளூர் மாவட்டத்தது. தீங்கு செய்தவன் மும்பையிலும் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, கைது செய்தற்குரிய குற்றம் எங்கு நிகழ்ந்ததாயினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கின்றது.

எதனை எடுத்துச் செல்வது? மிரட்டல் வந்ததும் பலர் அச்சத்தால் செய்திகளை அழித்துவிடுகின்றனர். அவ்வாறு அழித்தால் சான்றும் அழியும். செய்தியின் திரைப்பதிவு, அனுப்பியவரின் கணக்குப் பெயர், பக்கத்தின் இணைய முகவரி, நாள், நேரம் ஆகியவற்றை ஏரிக் கணக்கு எழுதுவோரைப் போல் அன்றன்றே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னரே அக்கணக்கைத் தடுத்து வைக்கலாம். சிறார்களின் தகாத படமாயின், ‘சாட்சிக்காக’ என்றுகூடப் பிறருக்கு அனுப்புதல் ஆகாது, அதுவே குற்றமாகும்.

பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் போக்சோ சட்டம், 2012 தனிப் பாதுகாப்பு அளிக்கின்றது. குழந்தையின் உண்மையான படத்தையோ புனைந்த படத்தையோ இணையத்தில் வெளியிடுவதாகப் பாலியல் நோக்குடன் மிரட்டுவதும் இச்சட்டப்படி குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ பெறுதல் வேண்டும். இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் அதனைப் பதிய வேண்டும். அப்போது காவல் சீருடை கூடாது. இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலியவற்றைச் செய்தியாளர் வெளியிடுதலும் தடுக்கப்பட்டுள்ளது. ‘ஊரார் அறிந்துவிடுவரே’ என்று தயங்கும் பெற்றோர் இவற்றை அறிந்திருப்பாராயின், தயக்கம் பெரிதும் நீங்கும்.

வெளிவந்த படத்தை நீக்குவது மற்றொரு கவலை. அமெரிக்க நாட்டில் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறார்க்கான தேசிய மையம் என்னும் அமைப்பு ‘டேக் இட் டவுன்’ என்ற சேவையை இலவசமாக நடத்துகின்றது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு: படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை. நம் கருவியிலேயே அப்படத்திற்குக் கைரேகை போன்றதோர் எண்கோவை உருவாகின்றது. அந்த எண்கோவை மட்டும் மையத்திற்குச் செல்கின்றது. இணங்கியுள்ள நிறுவனங்கள் அதனைக் கொண்டு தம் தளங்களில் அப்படத்தைத் தேடி நீக்குகின்றன.

சட்டம் குற்றவாளியைத் தேடும். ஆயினும் உறக்கமின்றித் தவிப்பவருக்கு அந்த இரவிலேயே ஒருவர் துணை வேண்டும். நம்பத்தக்க ஆசிரியரிடமோ, தாய் தந்தையரிடமோ, அத்தையிடமோ கூறலாம். கேட்பவர், ‘அந்தப் படத்தை ஏன் அனுப்பினாய்?’ என்று தொடங்காமல், ‘எப்போது நடந்தது?’ என்று தொடங்குவாராயின், பாதிப் பாரம் அங்கேயே இறங்கும். வீட்டில் சொல்ல இயலாத சிறார் 1098 என்ற எண்ணையும், மகளிர் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம். மனத்துயர் மிக்கவர்க்கு 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் மனநல உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கின்றது. அங்கே நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.