நாய் நடித்தால் பரிசு யாருக்கு?

திரைப்படத்தில் நாய் ஒன்று, மயங்கிக் கிடக்கும் கதாநாயகனை ஏக்கத்தோடு பார்க்கிறது. கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த நாய் பார்ப்பது எதை? காமிராவுக்கு அருகில் நிற்கும் பயிற்சியாளரின் கையை. அதில் ஒரு பிஸ்கோத்து இருக்கும்.

தாம்பரத்தில் என் வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நாய்க்கு விருது கொடுப்பது ஏமாற்று வேலைதானே, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி.

கட்டளை நாய்க்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? பேசாப்படக் காலத்தில் பயிற்சியாளர் உரக்கக் கூவலாம். பேசும்படம் வந்ததும் ஒலிவாங்கி அதையும் பதிந்துவிடும் அல்லவா? ஆகவே கைச்சைகை வேண்டியதாயிற்று. (நம் படங்களில் குரலைப் பின்னர் சேர்ப்பதே பெருவழக்கு, இந்தத் தொல்லை குறைவு!) நமக்குக் கேட்காத ஊதலும் உண்டு. அதை 1876-இல் பிரான்சிஸ் கால்டன் அமைத்தார். மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை உணரும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் 22,000 அதிர்வுள்ள ஒலியை எழுப்பினோம். அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டர். மாணவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் தூங்கிய தெருநாய் காதை நிமிர்த்தி எழுந்தது.

சைகை, செயல், உடனே தின்பண்டம். இதையே நூற்றுக்கணக்கான முறை செய்யவேண்டும். 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' என்ற பிரெஞ்சுப் படத்தில் மெஸ்ஸி என்னும் நாய், மருந்துண்டு சாகக் கிடப்பதுபோல் நாக்குத் தொங்கத் துவண்டு கிடக்கிறது. இதைப் பழக்கச் சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. மயக்க மருந்து கொடுத்திருந்தால் சில நிமிட வேலை! 2023-இல் மெஸ்ஸிக்குக் கான் நகரில் 'பாம் டாக்' விருது கிடைத்தது. டோபி ரோஸ் என்ற பத்திரிகையாளர் 2001-இல் தொடங்கிய விருது அது. பரிசு, ஒரு கழுத்துப்பட்டை. என் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: அந்த இரண்டு மாதப் பொறுமைக்குத்தான் பரிசு.

இத்தகைய பரிசுகளுக்கு முன்கதை ஒன்றுண்டு. 1939-இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' என்ற அமெரிக்கப் படத்துக்காகக் குதிரையொன்றை உயர்ந்த பாறையிலிருந்து நீரில் விழச் செய்தார்கள், அது இறந்துபோயிற்று. எதிர்ப்புக் கிளம்பவே, 'அமெரிக்கன் ஹியூமேன்' சங்கம் 1940 முதல் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதே சங்கம்தான் 1951-இல் விலங்கு நடிகர்களுக்கு 'பேட்ஸி' விருதை ஏற்படுத்தியது.

நம் நாட்டில் இந்தக் காவல் வேலை, 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்தைச் சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள திருவான்மியூரில்தான் அதன் அலுவலகம் நெடுங்காலம் இருந்தது. பின்னர் அரியானாவுக்கு மாறிவிட்டது. படத்தில் விலங்கு நடித்திருந்தால் வாரியத்தின் சான்று வேண்டும். ஆனால் நாய்க்கென்று தேசிய விருதில் பிரிவு ஏதும் இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த கன்னடப் படமாக '777 சார்லி' தேர்வாயிற்று. படம் முழுவதையும் தாங்கிய அந்த லாப்ரடார் நாய்க்குக் கிடைத்ததெல்லாம் பயிற்சியாளர் கையிலிருந்த தின்பண்டந்தான்.