வீட்டுக்கு ஓர் எருக்குழி

இராமநாதபுரம் ஜில்லா என்றவுடன் ‘வறண்ட சீமை’ என்ற சொல்லே முதலில் நினைவுக்கு வருகிறது. கமுதி தாலுகாவிலுள்ள அபிராமமும் அச்சீமையைச் சேர்ந்ததே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் பருவமழையையே இவ்வட்டாரத்துக் குடியானவன் பெரிதும் நம்பியிருக்கிறான். மழையை வரவழைப்பது நம் கையில் இல்லை. ஆனால், பெய்த மழையைப் பிடித்து வைக்கும் சக்தியை மண்ணுக்கு அளிப்பது நம் கையில்தான் இருக்கிறது. அச்சக்தி மட்கிய எருவினால் உண்டாவது. அந்த எருவாக வேண்டிய பொருளையோ நாள்தோறும் அடுக்களையிலிருந்து தெருவில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்!

நம் பாட்டனார் காலத்தில் கொல்லைப்புறத்துக் குப்பைக்குழி ஒரு சொத்தாகவே மதிக்கப்பட்டது. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் அதில் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போயின. இன்று மாடுகள் குறைந்தன. பாலிதீன் பை வந்து சேர்ந்தது. வாழைப்பழத் தோலும் பிளாஸ்டிக்கும் ஒரே கூடையில் விழுந்த பின் அது எருவுமாகாது, வேறெதற்கும் உதவாது. குவித்து வைத்தால் காற்றின்றி அழுகி மீதேன் வாயுவைக் கக்குகிறது. கொளுத்தினால் நச்சுப் புகை எழுகிறது.

இவ்விஷயம் புதியதன்று. ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, கழிவுகளைச் சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். இந்தியக் குடியானவர்களைத் தம் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். 1947 டிசம்பரில் மீராபென்னின் முயற்சியால் டெல்லியில் கம்போஸ்ட் மகாநாடு கூடியபோது, காந்தியடிகள் அதைப் பற்றி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதினார். தேசம் பிரிவினைத் துயரில் தவித்த அந்நாளிலும் எருவைப் பற்றிச் சிந்திக்க அவருக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

வேலையோ மிகச் சுலபம். இரண்டடி ஆழக் குழியில் ஒரு பங்கு அடுக்களைக் கழிவும், அதன் மேல் இரு பங்கு உலர்ந்த சருகும், ஒரு பிடி மண்ணுமாக அடுக்கிவர வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் போதும். அரிசி களைந்த நீரைத் தெளிக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஊறுகாய், கருவாடு முதலிய உப்புப் பண்டங்களை விலக்க வேண்டும். உப்பு மண்ணுக்குப் பகை. சீமைக் கருவேல நெற்றையும் போடலாகாது. விதை பிழைத்து முளைத்துவிடும். ஆடியில் இட்ட குழி ஐப்பசி மழைக்கு எருவாகிவிடும். கருத்த நிறமும் மண்வாசனையுமே அது பக்குவமானதற்கு அடையாளம்.

நாற்றமெடுக்குமே, ஈ மொய்க்குமே என்பார் உண்டு. ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தால்தான் நாற்றம். சருகைக் கூட்டினால் அது அடங்கும். மீனும் இறைச்சியும் சேராவிடில் எலியும் நாயும் அவ்வளவாக அண்டா. கொல்லையில்லாத வீட்டார் துளையிட்ட மண்தொட்டியை உபயோகிக்கலாம்.

எனினும், பத்திரிகையில் எழுதுவதால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. பள்ளிக்கூடமே இதற்கு ஏற்ற இடம். மாணவர்களுக்கான தேசியப் பசுமைப்படை 2001-02-இல் ஏற்பட்டது. பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைக்க மத்திய சர்க்கார் 2019-இல் வழிமுறைகளை வெளியிட்டது. திட்டங்களுக்குக் குறைவில்லை, மண்வெட்டி பிடிக்கும் கைகளே வேண்டும். சத்துணவுக் கூடத்துக் காய்த் தோல் குழிக்குப் போய், அக்குழியின் எருவில் முருங்கையும் கத்தரியும் விளைந்து, மீண்டும் அதே கூடத்துக்கு வருமாயின், அதைக் கண்ணால் கண்ட குழந்தை வீட்டில் தாய்க்கும் தந்தைக்கும் கற்பிக்கும். பேரூராட்சியார் தெருவுக்கொரு பொதுத் தோட்டத்திற்கு இடமளித்தால், பெரியோரும் அங்கே மாணவராகலாம்.

இதில் நியாயமும் ஒன்று உண்டு. குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. நாம் பிரிக்காததை எவரோ ஒருவர் தம் கையால் பிரிக்கிறார். நாம் கலந்து எறிந்த அழுகலுக்குள் தூய்மைப் பணியாளர் கைவிட நேர்வது நமக்குப் பெருமையா? அவரை வாழ்த்திப் பேசுவதைவிட, அவருடைய கூடையின் பாரத்தைக் குறைப்பதே உண்மையான மரியாதை.

வரும் ஆடிக்கு அபிராமத்தில் வீட்டுக்கு ஓர் எருக்குழி தோன்றுமா? மண்வெட்டி வீட்டில் இருக்கிறது. மனம் ஒன்றே வேண்டும்.