குரலும் அதன் விலையும்: அமெரிக்காவின் கொலம்பியா ஒலிபரப்புக் கழகம்

பேச்சுக்கு உயிர் கொடுப்பது சொல் மட்டுமன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நிற்கும் சிறு மௌனமும் ஆகும். இவ்வுண்மையை ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்கு உணர்த்த, அது கடல் கடந்து பல இலட்சம் மக்களின் செவியில் ஒலித்த வரலாறு ஒன்று உண்டு.

1940ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மாநகரின்மீது இரவுதோறும் குண்டு மாரி பொழிந்தன. அவ்வமயம் அந்நகரிலிருந்து அமெரிக்க மக்களுக்கு வானொலி வழியே செய்தி கூறிவந்தவர் எட்வர்டு மரோ. 'இது இலண்டன்' என்றே அவர் தம் உரையைத் தொடங்குவார். கல்லூரியில் அவருக்குப் பேச்சுக்கலை பயிற்றுவித்தவர் ஐடா லூ ஆண்டர்சன் என்னும் அம்மையார். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்தவர். தம் மாணவரின் உரைகளை வானொலியில் கேட்ட அவர், 'இது' என்ற சொல்லுக்குப் பின் சற்றே நிறுத்துமாறு அறிவுரை கூறினார். 'இது... இலண்டன்.' அந்த ஓர் இடைவெளியில், எரியும் நகரம் ஒன்று கேட்போரின் கண்முன் எழுந்து நின்றது.

மரோவின் குரலை ஏந்திச் சென்றது கொலம்பியா ஒலிபரப்புக் கழகம். சி.பி.எஸ். என்னும் சுருக்கப் பெயரால் அதனை உலகம் அறியும். இக்கழகத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஒரு வினாவை எதிர்கொண்டே தீர வேண்டும். மக்களுக்கு அறிவு புகட்டவல்ல ஒரு கருவியை வணிகரின் பணம் நடத்துமாயின், அக்கருவி யாருக்குக் கட்டுப்பட்டது? கேட்போருக்கா, பணம் கொடுப்போருக்கா?

சுருட்டு வணிகரின் மகன்

பிரிட்டனில் வானொலி, உரிமக் கட்டணத்தால் நடைபெறும் பொது நிறுவனமாக வளர்ந்தது. அமெரிக்காவிலோ அது பெரும்பாலும் தனியார் தொழிலாகவே வேரூன்றியது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1926ஆம் ஆண்டில் என்.பி.சி. கழகத்தைத் தோற்றுவித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், 16 நிலையங்களை இணைத்துக்கொண்டு கொலம்பியா கழகம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமுடையால் அது தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில், 1928இல் அதன் தலைவரானவர் வில்லியம் பேலி. அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை. அவருடைய தந்தையார் உக்ரேனிலிருந்து குடியேறிய யூதர்; சுருட்டு உற்பத்தியாளர். வானொலியில் விளம்பரம் செய்தபின் சுருட்டு விற்பனை பெருகியதைக் கண்ணாரக் கண்டே இளைஞர் பேலி வானொலியின் வலிமையை உணர்ந்தார்.

ஒலிபரப்பு வலையமைப்பு என்பது யாது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். நாடெங்கும் பரவியுள்ள நிலையங்களுள் பெரும்பாலானவை கழகத்தின் சொத்தல்ல. வெவ்வேறு முதலாளிகளுக்கு உரியவை. தலைமை நிலையத்தில் நடைபெறும் நிகழ்ச்சி அந்நாளில் தொலைபேசிக் கம்பிகளின் வழியே அவற்றுக்குச் செல்லும். அவை அதனைத் தத்தம் வட்டாரத்தில் ஒலிபரப்பும். பேலி இதில் ஒரு புதிய ஏற்பாட்டைப் புகுத்தினார். விளம்பரதாரர் இல்லாத நிகழ்ச்சிகளைக் கழகம் நிலையங்களுக்கு இலவசமாக வழங்கும்; அதற்கு ஈடாக, விளம்பரதாரர் நிகழ்ச்சிகளுக்கு வேண்டிய நேரத்தை நிலையங்கள் ஒதுக்கித் தரவேண்டும். சொந்தமாக நிகழ்ச்சி தயாரிக்க வசதியற்ற சிறு நிலையங்கள் இதனை விரும்பி ஏற்றன. கழகம் விரைந்து வளர்ந்தது.

விலை போகாத நேரத்தின் பயன்

விளம்பரதாரர் எவரும் வாங்காத நேரமே கலைஞர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது வியப்புக்குரியது. 1936இல் தொடங்கிய 'கொலம்பியா ஒர்க்‌ஷாப்' வானொலி நாடகத்திற்குரிய புது உத்திகளைச் சோதித்தது. நார்மன் கார்வின் என்னும் எழுத்தாளர் வானொலிக்கென்றே ஒரு கவிதை நடையை வகுத்தார். அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் 150 ஆண்டு நிறைவெய்திய 1941 டிசம்பர் 15ஆம் நாள், அவருடைய நாடகத்தை எல்லா வலையமைப்புகளும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பின.

1938 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, 23 வயதே நிரம்பிய ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கோளின் உயிர்கள் நியூஜெர்சியில் வந்திறங்கியதாக ஒரு நாடகத்தை நடத்தினார். எச்.ஜி. வெல்ஸின் புதினத்தைத் தழுவிய அந்நாடகம் செய்தி அறிவிப்புகளின் உருவில் அமைந்திருந்தது. நாடே பீதியில் மூழ்கியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அவை மிகைப்படுத்தி எழுதின என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிபு. ஆயினும் உண்மையென்று நம்பி அஞ்சியவர்கள் இருந்தனர். முந்திய மாதத்தில்தான் மியூனிக் நெருக்கடி நிகழ்ந்தது. நிகழ்ச்சியை இடைமறித்து வரும் செய்திக்கு மக்கள் செவி பழகியிருந்தது. நம்பிக்கை எத்துணை எளிதில் பயன்படுத்தப்படக்கூடும் என்பதை அந்நாடகம் காட்டிற்று. நிகழ்ச்சி புகழ் பெற்றபின்னரே அக்குழுவுக்கு ஒரு சூப்பு நிறுவனம் விளம்பரதாரராக வந்து சேர்ந்தது.

மரோவும் அவர்தம் தோழரும்

1937இல் மரோ இலண்டனுக்குச் சென்றது செய்தியாளராக அன்று. சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்யும் அலுவலராகவே. அவருக்குப் பத்திரிகை அனுபவமும் கிடையாது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அம்மாதம் 13ஆம் நாள், இலண்டனிலிருந்து வில்லியம் ஷைரரும் வியன்னாவிலிருந்து மரோவும், ஏனைய தலைநகரங்களிலிருந்து பிறரும் ஒரே அரைமணி நேரத்தில் அடுத்தடுத்துப் பேசினர். பல நகரங்களின் குரல்களை ஒரே செய்தியறிக்கையில் கோக்கும் முறை அன்று கொலம்பியாவில் நிலைபெற்றது.

மரோவின் நடையில் அலங்காரம் இல்லை. கண்டதைச் சிறு வாக்கியங்களில் சொன்னார். 1940 ஆகஸ்டில், அபாயச் சங்கு ஒலித்த வேளையில், ஒலிவாங்கியைத் தரையருகே பிடித்து, பாதுகாப்பறை நோக்கி நடக்கும் மக்களின் காலடி ஓசையை அமெரிக்கரைக் கேட்கச் செய்தார். அவர்கள் ஓடவில்லை, நடந்தனர். பக்கம் பக்கமாக எழுதியும் உணர்த்த முடியாத மன உறுதியை அவ்வோசை உணர்த்திற்று. 1945 ஏப்ரலில் புக்கன்வால்டு வதைமுகாமில் தாம் கண்டதையும் அவர் அதே அடங்கிய குரலில்தான் கூறினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு

போருக்குப் பின் தொலைக்காட்சி வந்தது. மரோவும் பிரெட் பிரெண்ட்லியும் இணைந்து 1951 நவம்பர் 18ஆம் நாள் 'சீ இட் நவ்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். அந்நாளில், எவரையும் கம்யூனிஸ்டு என்று பழிசுமத்தி அச்சத்தைப் பரப்பிவந்தார் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. கொலம்பியா கழகமே 1950இல் தன் ஊழியர்களிடம் அரசப்பற்றுக் குறித்த வினாத்தாளில் கையொப்பம் கேட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

1954 மார்ச் 9ஆம் நாள் செவ்வாய்க்கிழமை இரவு ஒளிபரப்பான நிகழ்ச்சி மெக்கார்த்தியைப் பற்றியது. அதன் உத்தி மிக எளியது. செனட்டரின் சொந்தப் பேச்சுப் படங்களையே பெரும்பாலும் காட்டி, அவற்றுக்கு அருகில் உண்மைகளை நிறுத்தினர். குற்றச்சாட்டு வேறு, மெய்ப்பித்தல் வேறு என்பதையும், மாறுபட்ட கருத்துடையோர் அனைவரும் துரோகிகளாகார் என்பதையும் மரோ இறுதியில் எடுத்துரைத்தார். இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பத்திரிகையில் விளம்பரம் செய்யக் கழகம் முன்வரவில்லை. மரோவும் பிரெண்ட்லியும் சொந்தப் பணத்தில் விளம்பரம் செய்தனர்.

மெக்கார்த்தி வீழ்ந்ததற்கு மரோ ஒருவரே காரணர் என்பது மிகை. அவருக்கு முன்னரே துணிந்து எழுதிய பத்திரிகையாளர் உண்டு. அவ்வாண்டு நடைபெற்ற இராணுவ விசாரணையை முழுமையாக நேரடியாகக் காட்டிய பெருமையும் ஏ.பி.சி. போன்ற பிற கழகங்களையே சாரும். டிசம்பர் 2ஆம் நாள் செனட் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

சிரிப்பும் பரிசுப் பணமும்

கழகத்தின் பெருவருவாய் வேறிடத்திலிருந்து வந்தது. 1951 அக்டோபர் 15ஆம் நாள் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. கியூபாவில் பிறந்த தேசி ஆர்னாசைக் கதாநாயகியின் கணவராக ஏற்க முதலில் தயங்கினர். லூசில் பால் அம்மையாரோ தம் உண்மைக் கணவரே உடன் நடிக்கவேண்டும் என்று உறுதியாக நின்றார். மூன்று திரைப்படக் கேமராக்களைக் கொண்டு, பார்வையாளர் முன்னிலையில் அதனைப் படம் பிடித்தனர். 1953 ஜனவரி 19ஆம் நாள் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் மக்கள் கண்டனர். படச்சுருளில் பதிந்திருந்தமையால் அந்நிகழ்ச்சியை எத்தனை முறையும் மீண்டும் ஒளிபரப்ப முடிந்தது. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

1955 ஜூனில் 64,000 டாலர் பரிசு வழங்கும் வினா நிகழ்ச்சி ஒன்று வந்தது. மரோவின் நிகழ்ச்சிக்கு முந்திய அரைமணி நேரமே அதற்குரியது. நாடு அதில் மயங்கிற்று. நேரத்தின் விலை உயர்ந்தது. அவ்வாண்டே மரோவின் விளம்பரதாரர் விலகிக்கொண்டார். வாரந்தோறும் வந்த 'சீ இட் நவ்' எப்போதாவது வருவதாகி, 1958இல் மறைந்தது. பல கழகங்களின் பரிசு நிகழ்ச்சிகளில் மோசடி நிகழ்ந்தது பின்னர் வெளிப்பட்டது. 1958 அக்டோபரில் சிக்காகோவில், ஒலிபரப்புத் துறையினர் முன்னிலையிலேயே, இக்கருவி மக்களை மயக்குவதற்கு மட்டும் பயன்படுமாயின் வெறும் பெட்டியாகிவிடும் என்று மரோ இடித்துரைத்தார். பேலிக்கும் அவருக்கும் இருந்த பழைய நட்பு மேலும் நலிந்தது.

1960 நவம்பரில், அறுவடைத் திருநாளுக்கு மறுநாள், ஊர் ஊராய் அலையும் பண்ணைத் தொழிலாளரின் துயரத்தை 'ஹார்வெஸ்டு ஆப் ஷேம்' என்னும் ஆவணப்படத்தில் அவர் காட்டினார். மறு ஆண்டு அரசாங்கத் தகவல் துறையின் தலைமையை ஏற்றபோது, அதே படத்தை பி.பி.சி. காட்டாதிருக்க வேண்டினார். பி.பி.சி. இணங்கவில்லை. பெரியோரும் பதவியின் பாரத்தால் வழுவுவர் என்பதற்கு இது சான்று. இடையறாது புகைபிடித்த அவர் 1965இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

பழைய சிரிப்பும் புதிய போரும்

1966 பிப்ரவரியில் செனட் குழு வியட்நாம் போரைப் பற்றி விசாரித்தது. அரசியல் அறிஞர் ஜார்ஜ் கென்னன் சாட்சியம் அளித்த வேளையில், கொலம்பியா தொலைக்காட்சி அதனைக் காட்டவில்லை. காட்டியது 'ஐ லவ் லூசி'யின் மறு ஒளிபரப்பை. செய்திப் பிரிவின் தலைவராயிருந்த பிரெட் பிரெண்ட்லி பதவி விலகினார். கழகத்தின் இரு வலிமைகளும் அன்று நேருக்கு நேர் மோதின, வருவாயே வென்றது. லூசியின் நகைச்சுவை குற்றமுடையதன்று. எதனை எப்போது காட்டுவது என்று முடிவு செய்வோர் கையிலேயே குற்றமும் குணமும் உள்ளன.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1962இல் செய்தி வாசிப்பாளராக அமர்ந்த வால்டர் கிராங்கைட், 1968 பிப்ரவரியில் வியட்நாம் சென்று திரும்பி, போர் தேக்கநிலையில் முடியும் என்று வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு செப்டம்பரில் டான் ஹியூவிட் தொடங்கிய '60 மினிட்ஸ்', காலப்போக்கில் நாட்டிலேயே மிகுதியானோர் பார்க்கும் நிகழ்ச்சியாயிற்று. செய்தியும் பெரும் இலாபம் ஈட்டவல்லது என்று மெய்ப்பித்தது. அது பிற்காலத்தில் ஒரு சுமையுமாயிற்று. எல்லாச் செய்தியும் இலாபம் தரவேண்டும் என்று உடைமையாளர் எதிர்பார்க்கலாயினர். 1995இல் புகையிலைத் தொழிலின் இரகசியங்களை வெளியிட்ட ஒருவரின் பேட்டியை, வழக்குக்கு அஞ்சிக் கழகம் நிறுத்திவைத்தது. 1996 பிப்ரவரியில்தான் அது முழுமையாக வெளிவந்தது. சுருட்டு விளம்பரத்தால் வானொலியின் ஆற்றலை உணர்ந்தவர் வளர்த்த கழகம், புகையிலைக்கு அஞ்சி நின்றது வரலாற்றின் விந்தை.

ஆசிரியர் சிந்தனைக்கு

முதலில் எழுப்பிய வினாவுக்கு இக்கழகத்தின் வரலாறு ஒரே விடை தரவில்லை. பணமின்றி மரோவின் குரல் கடல் கடந்திராது. பணமே அக்குரலை ஒடுக்கவும் செய்தது. ஆகவே கேட்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பேசுபவர் யார், அவருக்குப் பொருள் தருபவர் யார், சொல்லாமல் விடப்பட்டது யாது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பும் பழக்கம் வகுப்பறையில்தான் தொடங்க இயலும். இன்று குரல்கள் பெருகிவிட்டன, வினாக்கள் மாறவில்லை.

ஆண்டர்சன் அம்மையார் 1941இல் மறைந்தார். அவர் எந்த ஒலிபரப்புக் கழகத்திலும் பணியாற்றியவரல்லர். ஒரு சொல்லுக்குப் பின் எங்கே நிறுத்த வேண்டும் என்று மாணவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தார். போர் முடியும்வரை அந்த நிறுத்தம் ஒலித்துக்கொண்டே இருந்தது.