பன்றிக் காய்ச்சலை இன்ஃபுளுவென்சா ஊசி தடுக்குமா?

மாரி தொடங்கினால் தம்பிலுவில் பக்கம் வீட்டுக்கு வீடு தடிமனும் காய்ச்சலும்தான். இடம்பெயர்ந்து ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்களாக இருந்தவர்களுக்கு, ஒருவரின் இருமல் எவ்வளவு விரைவாகப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. பிழைப்புக்காகப் பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. மனிதருக்குப் போடும் இன்ஃபுளுவென்சா ஊசி, பன்றியிடமிருந்து வரும் காய்ச்சலையும் தடுக்குமா?

ஒரு வகையைத் தடுக்கும். மற்றவற்றைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மாட்டுக்குக் குறி சுடுவதை நாம் அறிவோம். குறியைப் பார்த்ததும் மாடு யாருடையது என்று சொல்லிவிடுவோம். ஊசியும் அப்படியே கிருமியின் குறியை உடம்புக்குக் காட்டிக் கொடுக்கிறது. அதே குறியோடு கிருமி வந்தால் உடம்பு இனங்கண்டு எதிர்க்கும். குறி வேறானால் ஏமாந்துவிடும்.

2009ஆம் ஆண்டில் பன்றிக் கிருமியிலிருந்து தோன்றிய புதிய எச்1என்1 உலகெங்கும் பரவியது. அதுவரை போட்ட ஊசி அதற்கு எதிராகப் பெரிதும் உதவவில்லை. தனி ஊசி செய்ய வேண்டியதாயிற்று. 2010 முதல் அந்த வகை வழக்கமான ஊசியிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் பன்றிகளிடையே வேறு வகைகளும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் விவசாயக் கண்காட்சிகளில் பன்றிகளோடு பழகியவர்களுக்கு எச்3என்2இன் ஒரு வகை தொற்றியது. நோயுற்ற 309 பேரில் பெரும்பாலானோர் சிறுவர்கள். மனிதருக்கான ஊசியிலும் எச்3என்2 இருந்தது. பெயர் ஒன்றானாலும் குறி வேறு.

நமது நாட்டில் நடந்ததோ மறுதலை. 2009 முதல் 2012 வரை கொல்களங்களில் பன்றிகளைச் சோதித்த ஆய்வாளர்கள், புதிய எச்1என்1 மனிதரிடமிருந்தே பன்றிகளுக்குத் தொற்றியதைக் கண்டார்கள். நோயை நாமே பட்டிக்குக் கொண்டுபோகிறோம்!

ஆகவே ஊசி வீணல்ல. கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு, முட்டு வருத்தம் உள்ளோர் வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. பன்றி வளர்ப்போர் போட்டுக்கொண்டால் பன்றிகளுக்கும் பாதுகாப்பு. மனிதக் கிருமியும் பன்றிக் கிருமியும் ஓருடலில் கலந்து புதியது பிறக்கும் வாய்ப்பும் குறையும்.

ஊசியோடு இவற்றையும் கவனியுங்கள்:

• காய்ச்சல், இருமல் உள்ளவர் பட்டிக்குள் போகவேண்டாம்.
• தீனி வைத்த பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.
• பட்டியில் சாப்பிடவோ வெற்றிலை போடவோ வேண்டாம்.
• கோழிக்கூட்டையும் பன்றிப் பட்டியையும் தள்ளி அமையுங்கள்.
• பன்றிகள் இருமி, தீனி தின்னாவிட்டால் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.
• பன்றியோடு பழகியவருக்குக் காய்ச்சல் வந்தால், அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நன்றாகச் சமைத்த இறைச்சியால் இந்நோய் பரவாது. பயந்து பன்றிகளை விற்றுவிட வேண்டியதில்லை. பட்டிக்குப் போகுமுன் நமது உடம்பைக் கவனித்தால் போதும்.